பாரிசவாயுவும் கைவிரல்களும்

பாரிசவாயு கண்டு தேறிவரும் ஒருவர் சில மாதங்கள் கழித்துக் கல்லாவில் உட்காருகிறார். கை தோள் வரை உயர்கிறது. பையின் பிடியைக் கெட்டியாகப் பற்றுகிறார். ஆனால் பற்றியதை விட முடியவில்லை. நோட்டை எண்ணவும் முடியவில்லை. “இவ்வளவு பலம் இருக்கிறதே, மனம் வைத்தால் எண்ணலாமே” என்று வீட்டார் குறைப்படுகிறார்கள். தைப்பிங் கடைவீதியில் இந்தப் பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். இது பெரிய அநியாயம் என்பதே நம் அபிப்பிராயம்.

பழுது கையில் இல்லை. மூளையிலிருந்து விரல்களுக்குக் கட்டளை கொண்டு செல்லும் நரம்பு இழைகள், பக்கத்துக்குச் சுமார் பத்து இலட்சம், மூளையின் ஆழத்தில் ஒரு குறுகிய இடத்தின் வழியே இறங்குகின்றன. புக்கிட் பெராபிட் கணவாயில் ஒரு மரம் விழுந்தால் கோலகங்சார் போகும் பழைய சாலை முழுவதும் நின்றுபோகும் அல்லவா? அவ்விடத்தில் சிறு இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டாலும் கை முழுவதும் ஓய்ந்துவிடும். இழைகளில் பெரும்பாலானவை கழுத்துக்குச் சற்று மேலே பக்கம் மாறுவதால், இடப்புற மூளை கெட்டால் வலக்கை விழுகிறது.

மூளைத்தண்டிலிருந்து இறங்கும் வேறொரு பாதையும் உண்டு. அது தோளைத் தூக்கும். விரல்களை ஒருசேர மடக்கும். தஸ்பீஹ் மணியைப் பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளும் நுட்பம் அதற்கு வராது. 1968-இல் லாரன்ஸ், குய்ப்பர்ஸ் என்னும் ஆய்வாளர்கள் குரங்குகளில் முதற்சொன்ன இழைகளை அறுத்துப் பார்த்தார்கள். அவை தேறிய பின் கூண்டுக் கம்பியைப் பற்றி ஏறின, விட்டு இறங்கின. ஆனால் சிறு குழியிலிருந்து தீனியை விரலால் எடுக்க முடியவில்லை; கைக்குள் வந்த தீனியை எளிதில் விடவும் முடியவில்லை! கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

மிஞ்சிய இழைகளைப் பயிற்சியால் வேலை வாங்கலாம். எல்லாவற்றையும் நல்ல கையே செய்துவிட்டால் மற்றது மறந்துபோகும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.இராமச்சந்திரன் ஒரு கண்ணாடி வித்தையைப் புகுத்தினார். நடுவே கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி இரு கைகளையும் அசைக்க முயல வேண்டும். நோயுற்ற கையே அசைவதாக மூளை காண்கிறது. அவரும் சகாக்களும் 1999-இல் ஒன்பது நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டார்கள். பிற்காலச் சோதனைகளும் ஓரளவு பலன் காட்டின, எல்லோருக்கும் பலிப்பதில்லை.

இவையெல்லாம் இழை கெட்ட பிறகு செய்யும் காரியங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, ஸ்கேன் பார்த்துத் தகுதியானவர்களுக்கு, பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போடப்படுவது. நம்மில் சிலரோ முதலில் எண்ணெய் தேய்ப்பவரைத் தேடிப் போகிறோம். வாய் கோணினால், கை தொய்ந்தால், பேச்சுக் குழறினால் மணி பார்த்துக் குறித்துக்கொண்டு 999-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பதும் அந்த நேரத்தைத்தான்.