குடும்பப் பெயர் பிறந்த கதை

பல்கலைக் கழகப் படிவங்களில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அங்கு வந்ததும் தமிழ் மாணவர் பலரின் எழுதுகோல் நின்றுவிடும். “ஆங்கிலேயருக்கு உண்டு, நமக்கு இல்லையே” என்று குறைபடுவோரும் உளர். இக்குறை உண்மைதானா? ஆங்கிலக் குடும்பப் பெயர் தோன்றிய முறையைக் காண்போம்.

நான் காட்டாக்கடைப் பக்கத்தவன். எங்கள் வட்டாரத்திலும் அதன் தெற்கிலும் 19-ஆம் நூற்றாண்டில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த வெள்ளையர் பலர் பணிபுரிந்தனர். அவர்களுள் நால்வர் பெயர்களே நமக்குப் போதும்.

1818-இல் நாகர்கோவிலுக்கு வந்து, 1828-இல் நெய்யூருக்குச் சென்றவர் சார்லஸ் மீட். ‘மீட்’ என்றால் புல்வெளி. புல்வெளியருகே வாழ்ந்த முன்னோனைச் சுட்டிய பெயர் அது. பாறசாலையில் தொண்டாற்றியவர் ஜான் ஆப்ஸ். ஏபெல், ஆபிரகாம் போன்ற பெயர்களின் செல்லச் சுருக்கம் ‘ஆப்’. ஈற்றிலுள்ள ‘ஸ்’ நம் ஆறாம் வேற்றுமை போன்றது. எனவே, ‘ஆப் என்பவனுடைய மகன்’ என்பது பொருள். 1838-இல் திருவனந்தபுரத்தில் மிஷன் பணியைத் தொடங்கியவர் ஜான் காக்ஸ். சேவல்போல் நிமிர்ந்து நடந்த இளைஞனுக்கு ஊரார் இட்ட பட்டப்பெயரே அது என்பர். சாமுவேல் மட்டீர் அயர்லாந்துக்காரர். அவர் பெயரின் ஐரிஷ் மூலத்துக்குத் ‘தச்சன் மகன்’ என்பது பொருள்.

இடம், தந்தை, பட்டம், தொழில் ஆகிய இந்நான்கினுள் ஆங்கிலக் குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை அடங்கும். இவை நமக்குப் புதியனவா? ‘மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்’ என்னும் சங்கப் புலவர் பெயரில் ஊர், தொழில், தந்தை மூன்றும் உள்ளன. தம் பாட்டின் தொடராலேயே பெயர் பெற்றவர் செம்புலப்பெயனீரார்.

பின் வேறுபாடு எங்கே? 1066-இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியப் பிரபுக்கள் தம் நிலத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து வழங்கினர். பிறகு பொதுமக்களிடமும் அவ்வழக்கம் பரவிற்று. 1377 முதல் 1381 வரை மூன்று முறை தலைவரி விதிக்கப்பட்டது. வரிப்புத்தகத்தில் ஒரு ஜானை மற்றொரு ஜானிடமிருந்து பிரித்தறிய வேண்டுமல்லவா? 1538-இல் கோயில்தோறும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்ய ஆணை பிறந்தது. ஏட்டில் ஏறிய பெயர் தலைமுறைதோறும் நிலைத்தது. தையல் தெரியாதவரும் ‘டெய்லர்’ ஆனார்.

எங்கள் ஊர்ப்புறத்தில் வீட்டுப் பெயர்கள் உண்டு. விளை, விளாகம், புத்தன்வீடு என்று அவை முடியும். 1956-இல் விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும், எல்லையின் இருபுறமும் ‘விளை’ விளங்குகிறது. மிஷன் பள்ளிகளில் வேறொரு வழக்கமும் இருந்தது. உதவித்தொகை அனுப்பிய ஆங்கிலேயரின் பெயரையே பிள்ளைகளுக்கு இட்டனர். ஆகவே, ஆங்கிலப் பெயர் ஆங்கிலக் குருதிக்குச் சான்றாகாது.

நண்பர்களே, படிவத்தின் கட்டம் கண்டு நாணவேண்டா. தந்தை பெயரோ வீட்டுப் பெயரோ, ஒன்றைத் தேர்ந்து எல்லாச் சான்றிதழ்களிலும் ஒரேவகையாக எழுதுங்கள். அடுத்த விடுமுறையில் பாட்டியிடம் வீட்டுப் பெயரின் பொருளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர் பெயரை ஏடு காத்தது. நம் பெயரோ ஒற்றைத் தலைப்பெழுத்தாகச் சுருங்கி வருகிறது. அவ்வெழுத்தின் விரிவு தெரிந்த முதியோர் மறைந்தால், அதனுள் இருக்கும் நிலமும் குடியும் மறைந்துபோம்.