வீட்டு நாய் திடீரெனச் சீறினால்

எமது வட்டாரத்து விவசாயி ஒருவரின் பட்டிக் காவல் நாய், ஒருநாள் அவர் மகனின் கையைக் கவ்விவிட்டது. தடி எடுத்து அடித்தார். பின்னர் பார்த்தால், அதன் காதில் புழு வைத்த புண்!

நோவு, குட்டிகளைக் காக்கும் அச்சம், வெறிநோய் ஆகிய எதுவும் நாயின் குணத்தைத் திடீரென மாற்றக்கூடும். அடித்தால் அச்சமே மிகும். ஆகவே பிள்ளைகளை விலக்கி, நாயைத் தனிமைப்படுத்துக. நெருங்க இயலாவிடில், கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புக.

பிணி இல்லையெனத் தெரிந்தபின், வீட்டில் ஒழுங்கு வகுத்தல் வேண்டும். குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் உணவிடுக. உண்ணும்போதும் உறங்கும்போதும் அதைத் தொடலாகாது. ஒருவர் அடுக்களைக்குள் அழைக்க, மற்றொருவர் விரட்டினால் நாய் குழம்பும். வீட்டார் அனைவர்க்கும் விதி ஒன்றே.

கடித்துவிட்டாலோ, சுண்ணாம்பும் மஞ்சளும் அப்பாது, ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் செல்க. நாயை 10 நாட்கள் கவனித்தல் நன்று. அதன்பொருட்டு ஊசியைத் தள்ளிப்போடுதல் கூடாது. வெறிநோயின் அறிகுறி மனிதரிடம் தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது.

ஊராட்சி உறுப்பினர்களே! ஆண்டுக்கொரு நாள் ஊர் நாய்கள் அனைத்திற்கும் தடுப்பூசி போட ஏற்பாடு செய்யுங்கள். காவல் காக்கும் நாயைக் காப்பதும் நம் கடமையன்றோ?