பெயர்ச்சீட்டு இல்லாத அசேலியா



மெல்போர்னில் இருக்கும் என் மகள் சென்ற மாதம் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, கடையில பாதி விலைக்கு ஒரு சின்ன இலை அசேலியா வாங்கியிருக்கேன். பெயர்ச்சீட்டு இல்ல. போன்சாய் செய்யலாமா?" நான் சொல்லத் தொடங்கியதும், "இவ்வளவையும் எழுதியே அனுப்பிடுங்கப்பா, சங்க மலர்ல போடலாம்" என்று விட்டாள். முப்பது ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் நடத்தியவனிடம் கேட்டால் பாடமாகத்தான் வரும். பொறுத்தருள்க.

ஆனால் இதைப் பள்ளியில் நான் படிக்கவில்லை, என் அக்காவின் செடியிடம் படித்தேன்.

எங்கள் ஊர் பெருமாட்டி. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், பொள்ளாச்சிப் பக்கத்து எல்லையை ஒட்டியது. அக்கா மணமாகி மூணாறு தேயிலைத் தோட்டத்துக்குப் போனவள். 2019 தை மாதம் பணி ஓய்வு பெற்றாள். ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம் அல்லவா? மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கையில் இரண்டு பை. மடியில் ஒரு பழைய எண்ணெய் டின். அதில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி.

"உங்க மச்சான் வச்சது" என்றாள். மச்சான் காலமாகி அப்போது ஒன்பது வருடம். துரை பங்களா வேலியில் வெட்டிப் போட்ட குச்சியைப் பொறுக்கி வந்து நட்டாராம். வீடு போயிற்று, இதை விட்டு வர அக்காவுக்கு மனமில்லை. டின்னிலேயே கிடந்ததால் அடிமரம் மணிக்கட்டுப் பருமனுக்குத் திரண்டு, வேர் மேலே புடைத்து, பார்த்தவுடன் எனக்குப் போன்சாய் ஆசை வந்துவிட்டது. செடியின் பெயர்தான் அவளுக்குத் தெரியவில்லை. "பங்களாப் பூ" என்பாள்.

முதலில், இது அசேலியாதானா? எங்கள் வீட்டார் வெட்சி என்றார்கள். இலையைப் பார்த்தாலே விடை உண்டு. வெட்சியில் இலைகள் எதிரெதிராக, இணை இணையாக இருக்கும். அசேலியாவில் ஒன்று விட்டு ஒன்றாக மாறி மாறி ஏறி, கிளை நுனியில் கொத்தாக நெருங்கி நிற்கும். கடைகளில் போன்சாய்க்கென விற்கும் பாக்ஸ்வுட், செரிஸா இரண்டும்கூட எதிரிலைச் செடிகள்தாம். ஆகவே இந்த ஒரு சோதனையிலேயே பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்து ஒரு கைலென்ஸ் வேண்டும். இலையைத் திருப்பிச் சாய்வான வெயிலில் பிடியுங்கள். நடுநரம்பின் மேலும் இளங்குச்சியின் மேலும் செம்பழுப்பு மயிர்கள், வாரிவிட்ட தலைமுடி போலப் படிந்து கிடக்கும். என்றும் பசுமையான அசேலியாக்களின் முத்திரை அது. இன்னொன்று, இச்செடி இருவகை இலை விடும். வசந்தத்தில் வருவது சற்றுப் பெரியது, மெல்லியது, பின்னால் உதிர்ந்துவிடும். கோடையில் வருவது சிறியது, தடித்தது, குளிர்காலத்தைத் தாண்டி நிற்கும். இதை அறியாத நான், இலை உதிர்ந்ததைக் கண்டு நோய் என்று வேப்பெண்ணெய் அடித்தேன். அக்கா சிரித்தாள். "வருசா வருசம் கொட்டும் தம்பி."

மூணாற்றின் தைக் குளிரை வாங்கிக்கொண்டு வந்த மொட்டுகள் எங்கள் ஊர் வெயிலில் மாசியிலேயே மலர்ந்தன. பூ கிடைத்துவிட்டால் எண்ணிப் பார்க்கலாம். மகரந்தத் தாள்கள் ஐந்து.

இந்த எண்ணிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1753-இல் லின்னேயஸ் செடிகளுக்குப் பெயரிட்டபோது ஐந்து தாள் உள்ளவற்றை அசேலியா என்றும், பத்து உள்ளவற்றை ரோடோடென்ட்ரான் என்றும் தனித்தனிப் பேரினமாக வைத்தார். பிற்காலத்தார் இரண்டையும் ரோடோடென்ட்ரான் என்ற ஒரே பேரினத்தில் சேர்த்துவிட்டனர். மூணாறு போனவர்கள் இரவிகுளம் மலையில் சிவப்புக் கொத்தாகப் பூக்கும் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். மலையாளத்தில் காட்டுப்பூவரசு. அது அசேலியாவுக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா முறை எனலாம். இலை விரல் நீளத்துக்கு மேல், தோல் போலத் தடிப்பு, பூவில் தாள் பத்து. நம் மலைக்கே உரியது. அசேலியாவோ தோட்டக்காரர் வழியே வந்த விருந்தாளி.

ஐந்து என்பது ஓரளவுக்குத்தான் உதவும். சீனத்து சிம்சியை இனத்தில் எட்டு முதல் பத்துத் தாள்கள். பெல்ஜியம் நாட்டார் அதிலிருந்து உண்டாக்கிய பெரிய பூ அசேலியாக்களைத்தான் கடைகளில் பரிசுத் தொட்டியில் விற்கிறார்கள். 'இந்திய அசேலியா' என்றும் சொல்வதுண்டு. இந்தப் பெயரைக் கண்டு யாரும் பெருமைப்பட வேண்டாம். அந்நாளைய ஐரோப்பியர் கிழக்குத் திசைச் சரக்கையெல்லாம் 'இந்திய' என்றே அழைத்தனர். 'இண்டிகம்' என்றே பெயர் கொண்ட இனத்தின் தாயகம் ஜப்பான்!

அந்த இண்டிகத்தின் வழி வந்தவையே சட்சுகி. போன்சாய் நூல்களில் அசேலியா என்றால் பெரும்பாலும் சட்சுகிதான். எனவே நானும் அக்காவின் செடியைச் சட்சுகி என்று முடிவு கட்டி, அட்டையில் எழுதிச் செருகியும் விட்டேன். அவசரக்காரன்.

சட்சுகி என்பது ஜப்பானியப் பழைய நாட்காட்டியின் ஐந்தாம் மாதப் பெயர். புதுத் தளிர் நீண்ட பிறகு, வசந்தம் முடியும் தறுவாயில் பூக்கும். பூ பெரிது, ஒன்றிரண்டாக இருக்கும். இலை ஒடுங்கிக் கூராக இருக்கும். மற்றொரு கூட்டம் குருமே. கியூஷு தீவின் குருமே நகரத்தில் வளர்த்தெடுத்தவை. 1918-இல் வில்சன் என்ற செடி சேகரிப்பாளர் அங்கே ஐம்பது வகைகளைத் தேர்ந்தெடுத்த பின் மேல்நாடுகளில் பரவின. இவற்றின் இலை சிறிது, முட்டை வடிவம், பளபளப்பு. பூவும் சிறிது, தளிர் மறைக்கும் முன்பே கொத்தாகப் பூத்துச் செடியை மூடிவிடும்.

அக்காவின் செடி சாட்சி சொன்னது வேறுவிதமாக. "பூவுக்குள்ள பூ இருக்கும் பாரு" என்று ஒன்றைப் பறித்துக் கொடுத்தாள். பூவைப் புரட்டினால் பச்சைப் புல்லி வட்டமே இல்லை. புல்லிகளே இதழாக மாறி, ஒரு குழலுக்குள் மற்றொரு குழலைச் செருகியது போல நின்றன. குருமே வகைகள் பலவற்றில் காணும் அமைப்பு இது. சிறு பூ, முன்கூட்டிய பூப்பு, முட்டை இலை, ஐந்து தாள் எல்லாம் ஒத்துவந்தன. அட்டையைப் பிடுங்கி 'குருமே வகை' என்று மாற்றினேன். தனி ரகத்தின் பெயரை எழுதவில்லை. நூற்றுக்கணக்கான ரகங்களில் இது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது ஜோசியம்.

பெயர் தெரிந்ததால் என்ன லாபம் என்பீர்கள். எப்போது வெட்டுவது என்பது அதில் அடங்கியிருக்கிறது. பூ முடிந்தவுடன் வெட்ட வேண்டும். அடுத்த ஆண்டின் மொட்டு அந்தக் கோடையிலேயே உருவாகிவிடும். தாமதித்துக் கத்தரி வைத்தால் மொட்டைத்தான் வெட்டுவீர்கள். சட்சுகிக் கணக்கில் காத்திருந்தால் ஒரு வருடப் பூ போயிருக்கும்.

வெட்டும் வேலையை அக்காவே எடுத்துக்கொண்டாள். தேயிலை, விட்டால் மரமாக வளரும். அதை ஆயுள் முழுக்க இடுப்பளவில் நிறுத்தி, நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவதைப் பார்த்துப் பழகிய கண் அவளுடையது. நான் புத்தகத்தில் படித்ததை ஒன்றே ஒன்று சொன்னேன்: மற்ற மரங்களில் உச்சிக்குத்தான் பலம், அசேலியாவில் அடிக்கிளைக்குப் பலம். ஆகவே கீழே கடுமையாக, மேலே மென்மையாக வெட்டு. "அது பாத்தாலே தெரியுதே" என்று விட்டு வெட்டினாள். மொட்டைக் கட்டையிலும் துளிர் விட்டது. கம்பி சுற்றும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும். கிளை சட்டென முறியும்.

சித்திரையில் இலை மஞ்சளித்தது. நரம்பு மட்டும் பச்சை. பலம் போதவில்லை என்று எண்ணி அடுப்புச் சாம்பல் போட்டேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை. அசேலியாவுக்குப் புளித்த மண் வேண்டும். கார அமில அளவு ஐந்தை ஒட்டி இருந்தால் நல்லது. சாம்பல் காரம். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரோ உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. 2002-இல் நிலத்தடி நீருக்காகப் போராட்டம் தொடங்கிய பிளாச்சிமடை எங்கள் பெருமாட்டிப் பஞ்சாயத்தில்தான் இருக்கிறது என்பது பலருக்கு நினைவிருக்கும். குடிக்க நல்ல தண்ணீருக்கே கவலைப்பட்ட ஊரில் பூச்செடிக்கு மென்னீர் தேடினேன். காரம் ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேர் எடுக்க முடியாது. அதனால்தான் அந்த மஞ்சள்.

மண்ணை மாற்றினோம். ஜப்பானில் இதற்கென்றே கானுமா என்ற மஞ்சள் நிற எரிமலை மண் உண்டு. நமக்கு ஏது? பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவை உப்புப் போக மூன்று முறை அலசி, ஆற்று மணல் கலந்து, அகன்ற மண்சட்டியில் வைத்து, மாமர நிழலுக்குக் கொண்டு போனேன். அண்டாவில் பிடித்த மழை நீரை மட்டும் ஊற்றினோம். ஆடியில் பச்சை திரும்பியது. இதன் வேர் மயிரிழை போன்றது. ஒரு நாள் காய்ந்தாலும் மீளாது.

ஆடு வளர்ப்போர் கவனிக்க: இச்செடியின் எல்லாப் பாகமும் நஞ்சு. ஆடு, மாடு, நாய் எதுவும் கடிக்கக் கூடாது. சிறு பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

மறு மாசியில் மொட்டு கட்டியது, ஆனால் விரியவில்லை. சில வாரக் குளிர் இல்லாமல் அந்த மொட்டுக்கு உறக்கம் கலையாது. பழுப்பேறி உதிர்ந்தது. அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. அக்கா தினமும் காலையில் போய்ப் பார்ப்பாள். எதுவும் பேச மாட்டாள். 2021 கார்த்திகையில், "பக்கத்து லயத்துச் சிநேகிதிக்கு ஃபோன் போடு தம்பி. இங்க பூக்காம இருந்து எதுக்கு?" என்றாள். அவளே மடியில் வைத்து எடுத்துப் போய் விட்டுவிட்டு வந்தாள். போகும் முன் ஆடி மழையில் நட்ட குச்சிகளில் வேர் பிடித்த இரண்டை மட்டும் இங்கே வைத்துக்கொண்டாள். 2022 மாசியில் சிநேகிதி கைப்பேசியில் படம் அனுப்பினாள். சட்டியே தெரியாதபடி பூ. அந்தச் சிநேகிதிக்கும் ஓய்வுக்கு அதிக காலம் இல்லை.

மெல்போர்ன் நேயர்களுக்கு இரண்டு வார்த்தை. உங்கள் குழாய் நீர் மென்னீர், குளிரும் போதுமானது. எங்கள் தொல்லை உங்களுக்கு இல்லை. மாதங்களை மட்டும் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். செப்டம்பர், அக்டோபரில் பூத்தால் குருமே என்று சந்தேகிக்கலாம். நவம்பர் தாண்டிப் பெரிய பூவாக விரிந்தால் சட்சுகிப் பக்கம் பாருங்கள். தாளை எண்ணுங்கள், பூவைப் புரட்டுங்கள். ஒரு பூவைத் தாளிடையே அழுத்தி உலர்த்தி, வாங்கிய இடமும் பூத்த தேதியும் எழுதி வையுங்கள்.

என் மகள் தன் செடியில் எண்ணியது ஒன்பது. நான் அதை சிம்சியை வழி என்று சொல்லியிருக்கிறேன். அவள் இன்னும் இரண்டு பூவை எண்ணிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.