ஜெயிச்ச பிறகு ஒரு நிமிஷம்

இந்த முறை விளையாட்டுப் பக்கத்துக்கு என்னை எழுதச் சொன்னாங்க. வழக்கமா யார் எத்தனை ரன், யார் எத்தனை கோல் என்றுதான் எழுதுவோம். நான் எழுதப்போறது ஆட்டம் முடிஞ்ச உடனே வர்ற அந்த ஒரு நிமிஷத்தைப் பத்தி. ஜெயிச்சவங்க குதிக்கலாமா? கத்தலாமா? அழலாமா? இல்லை ஒண்ணுமே நடக்காத மாதிரி அமைதியா இருக்கணுமா? இதுக்காக உலகம் பூரா ரசிகர்கள் சண்டை போடுறாங்க. நம்ம வகுப்பிலேயும் மதியச் சாப்பாட்டு நேரத்துல போட்டோம்.

இதுக்கு உதாரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். வானகரத்துல இருந்து அம்பத்தூர் போற ரோட்டுல போனாலே மேல் அயனம்பாக்கம் வந்துடும். அங்கே இருக்கிற வேலம்மாள் வித்யாலயாவில் படிச்சவர்தான் குகேஷ் அண்ணா. 2006 மே 29-ல் பிறந்தவர். ஏழு வயசுல செஸ் கத்துக்க ஆரம்பிச்சார். 12 வயசுல கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரனை ஜெயிச்சு, 18 வயசுலேயே உலக சாம்பியன் ஆனார். அதுக்கு முன்னாடி காஸ்பரோவ் 1985-ல் 22 வயசுல ஆனதுதான் சாதனையா இருந்தது.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். நான் சொல்ல வந்தது அந்தக் கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிஷங்கள்.

மொத்தம் 14 ஆட்டம். முதல் ஆட்டத்திலேயே குகேஷ் அண்ணா தோத்துட்டார். அப்புறம் மூணாவது ஆட்டத்துல ஜெயிச்சு சமன் செய்தார். 11-ஆவதில் ஜெயிச்சு முன்னுக்கு வந்தார். அடுத்த நாளே 12-ஆவதில் தோல்வி! நாமளா இருந்தா அன்னைக்கு ராத்திரி தூக்கமே வந்திருக்காது. 13-ஆவது டிரா. கடைசி ஆட்டமும் டிராவில்தான் முடியும்னு எல்லாரும் நினைச்சப்போ, 55-ஆவது நகர்த்தலில் டிங் லிரன் யானையைத் தப்பான கட்டத்துல வெச்சுட்டார். அந்த வீடியோவைப் பாருங்க. குகேஷ் அண்ணா முகம் அப்படியே மாறும். எதிராளி தப்பு பண்ணிட்டார், உலக சாம்பியன் பட்டம் கையில வந்துடுச்சு என்று அவருக்குப் புரிஞ்சிடுச்சு. ஆனாலும் துள்ளிக் குதிக்கலை. தன்னை அடக்கிக்கிட்டு, சரியா ஆடி முடிச்சார்.

டிங் லிரன் தோல்வியை ஒத்துக்கிட்டு, கை குலுக்கி எழுந்து போன பிறகுதான் அழுகை வந்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கிட்டு அழுதார். அழுதுக்கிட்டே என்ன செஞ்சார் தெரியுமா? பலகையில் எல்லாக் காய்களையும் மறுபடி அதது இடத்துல எடுத்து அடுக்கினார். வெளியே வந்ததும் அவங்க அப்பா கட்டிப் பிடிச்சுக்கிட்டார். அப்புறம் பேட்டியில் தன்னைப் பத்தி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டிங் லிரனைப் பத்தித்தான் புகழ்ந்து பேசினார்.

‘உலக சாம்பியன் அழலாமா’ என்று நம்ம வகுப்புல ஒருத்தன் கேட்டான். ஏன் அழக்கூடாது? ஆட்டம் நடக்கும்போது அழுதா அது வேற. ஆட்டம் முடிஞ்சு எதிராளியும் எழுந்து போன பிறகு அந்தக் கண்ணீர் யாரை என்ன செய்யும்?

அடுத்த சம்பவம் 2025 ஜூன் 1, நார்வே நாட்டில். அங்கே குகேஷ் அண்ணா மாக்னஸ் கார்ல்சனை முதல் தடவையா கிளாசிக்கல் ஆட்டத்தில் தோற்கடிச்சார். அதிக நேரம் கார்ல்சன் கைதான் ஓங்கி இருந்தது. கடைசியில் நேர நெருக்கடியில் தப்பு பண்ணிட்டார். கோபம் தாங்காம மேஜையை ஓங்கி ஒரு குத்து விட்டார் பாருங்க, காயெல்லாம் சிதறி விழுந்தது! இங்கே ஜெயிச்சவர் அமைதி, தோத்தவர்தான் ஆர்ப்பாட்டம். குகேஷ் அண்ணா வாயில் கையை வெச்சபடி எழுந்து ஓரமா நடந்து போனார். நம்ப முடியாதவங்க அப்படித்தான் செய்வாங்க. கார்ல்சன் உடனே இரண்டு தடவை மன்னிப்பு கேட்டார், போகும்போது குகேஷ் அண்ணா முதுகைத் தட்டிக் கொடுத்துட்டுப் போனார். ரசிகர்கள் இரண்டா பிரிஞ்சாங்க. ‘இது மரியாதைக் குறைவு’ என்று ஒரு பக்கம். ‘தோல்வி அவ்வளவு வலிச்சிருக்கு, அது அவர் ஆட்டத்து மேல வெச்ச ஆசை’ என்று இன்னொரு பக்கம். குகேஷ் அண்ணாகிட்ட கேட்டப்போ, நானும் நிறைய மேஜையைத் தட்டினவன்தான் என்ற மாதிரி சொல்லிட்டார். குத்து வாங்கினது மேஜை, எதிராளி இல்லை. அதனால நான் இரண்டாவது பக்கம்.

மூணாவது சம்பவத்தில்தான் எனக்குக் கோபம். 2025 அக்டோபர் 4, அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டன் என்ற ஊர். இந்தியா அமெரிக்கா செஸ் போட்டி. வழக்கமான செஸ் மாதிரி ஊசி விழுந்தா கேட்கிற அமைதி அங்கே கிடையாது, கூட்டம் கத்தலாம், கத்தணும். நிமிஷக் கணக்கில் ஆடுற புல்லட் ஆட்டத்தில் ஹிகாரு நகமுரா ஜெயிச்சார். ஜெயிச்ச உடனே குகேஷ் அண்ணாவோட ராஜாவைப் பலகையில் இருந்து எடுத்து, கூட்டத்தைப் பார்த்து வீசி எறிஞ்சுட்டார்! கூட்டம் ஆரவாரம் பண்ணுது, இவர் அப்படியே பார்த்துக்கிட்டு நிக்கிறார். அப்புறம் பெரிய விவாதம் ஆயிடுச்சு. அது ஒரு காட்சிக்காகவே நடத்தின போட்டி, ஆட்டக்காரங்க ஏதாவது பரபரப்பா செய்யணும்னு முன்னாடியே பேசினதுதான் என்று விளக்கம் வந்தது. நகமுராவும் அது கேளிக்கைக்காகத்தான் என்று குகேஷ் அண்ணாகிட்ட எடுத்துச் சொன்னாராம். சரி, கெட்ட எண்ணம் இல்லைன்னு ஒத்துக்கிறேன். ஆனா நம்ம வீட்டுல புத்தகமோ பேனாவோ கால்ல பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவோம். ஆயுத பூஜை அன்னைக்குச் சுத்தியலுக்கும் பொட்டு வெப்போம். அப்படி வளர்ந்த நமக்கு அந்த ராஜா பறந்ததைப் பார்க்க ஒரு மாதிரிதான் இருக்கும்.

அதே அக்டோபர் கடைசியில் செயின்ட் லூயிஸ் நகரத்துல இரண்டு பேரும் மறுபடி மோதினாங்க. அதில் ஒரு ஆட்டத்தில் குகேஷ் அண்ணா ஜெயிச்சார். எல்லாரும் இப்போ என்ன செய்வார்னு பார்த்தாங்க. அவர் காய்களைப் பழையபடி அடுக்கி வெச்சார். அவ்வளவுதான்! அந்த வீடியோதான் அதிகமா பரவினது. அவர் எப்பவும் அடுக்குறவர்தான், பதிலுக்குன்னு செஞ்சாரா இல்லையா என்பது பார்க்கிறவங்க பாடு.

இப்போ விதி என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். கால்பந்தில் கோல் போட்டுட்டு சட்டையைக் கழற்றினால் மஞ்சள் அட்டை, காரணம் எதுவா இருந்தாலும் சரி. 2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினுக்காக வெற்றி கோல் அடிச்ச இனியெஸ்டா, இறந்துபோன தன் நண்பர் பேரை எழுதின பனியனைக் காட்டுறதுக்காகச் சட்டையைக் கழற்றினார். அதுக்கும் மஞ்சள் அட்டைதான். கூடைப்பந்தில் எதிராளியைக் கேலி செய்தால் டெக்னிக்கல் ஃபவுல், எதிர் அணிக்கு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். ஆனா எது சந்தோஷம், எது கேலி என்று முடிவு செய்ய வேண்டியது நடுவர். அங்கேதான் சிக்கல்.

இதுக்கு அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்துல நடந்த ஒரு விஷயத்தைச் சொல்றேன். 2023 ஏப்ரல் 2, டல்லஸ் நகரத்தில் இறுதிப் போட்டி. எல்.எஸ்.யூ. அணி 102, அயோவா அணி 85. ஜெயிக்கப்போறோம்னு தெரிஞ்சதும் எல்.எஸ்.யூ. வீராங்கனை ஏஞ்சல் ரீஸ், அயோவாவின் கெய்ட்லின் கிளார்க்கைப் பார்த்து முகத்துக்கு முன்னாடி கையை ஆட்டிக் காட்டினார். மல்யுத்த வீரர் ஜான் சீனா காட்டுவாரே, ‘என்னைப் பார்க்கவே முடியாது’ என்று, அதேதான். அப்புறம் மோதிர விரலையும் காட்டினார். அங்கே சாம்பியன் ஆனா மோதிரம் தருவாங்க. உடனே ‘என்ன திமிர்’ என்று ரீஸை ஏகப்பட்ட பேர் திட்டினாங்க.

ஆனா இதுல ஒரு விஷயம் இருக்கு. அதே சைகையை அதுக்குச் சில நாள் முன்னாடி இன்னொரு ஆட்டத்தில் கிளார்க்கே காட்டியிருந்தார்! அப்போ ‘என்ன துணிச்சல்’ என்று பாராட்டினாங்க. கிளார்க் வெள்ளைக்காரப் பொண்ணு, ரீஸ் கறுப்பினப் பொண்ணு. அதனாலதான் ஒருத்திக்குத் துணிச்சல், இன்னொருத்திக்குத் திமிர் என்று பேர் வந்ததுன்னு நிறைய பேர் எடுத்துச் சொன்னாங்க. ரீஸை இதுக்காகத் திட்டக்கூடாது என்று கிளார்க்கே சொல்லிட்டார். இதைப் படிச்சதும் எனக்கு கிளார்க்கையும் பிடிச்சுப் போச்சு.

இது எங்கேயோ நடந்த கதை இல்லை. கபடியில் தொடை தட்டுறது நம்ம ஊர் வழக்கம், வா பார்க்கலாம்னு எதிராளியைக் கூப்பிடுறது. ஒரு போட்டியில் பையன்க தட்டினப்போ விசில் பறந்தது. அதே மைதானத்துல நம்ம அக்காங்க பாயிண்ட் எடுத்துட்டுத் தட்டினப்போ, ‘பொம்பளப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் தேவையா, அடக்கமா ஆட மாட்டீங்களா’ என்று பெரியவர் ஒருத்தர் சத்தம் போட்டார். அக்காங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அடுத்த இரண்டு ரெய்டும் சரியா போகலை. தொடை அதே தொடை, தட்டும் அதே தட்டு. திருக்குறளில் அடக்கமுடைமை 13-ஆவது அதிகாரம், தமிழ் ஐயா நடத்தியிருக்கார். அது பெண்களுக்கு மட்டும் எழுதின அதிகாரம் இல்லையே?

பதற்றப்படாம இருக்கிறது பிறவியிலேயே வர்றதுன்னு நினைக்காதீங்க. பயமோ சந்தோஷமோ அதிகமானா அட்ரினலின் சுரக்குது, இதயம் வேகமா அடிக்குது, உள்ளங்கை வேர்க்குது. இது எல்லாருக்கும் நடக்கும். மூச்சை மெதுவா நீளமா வெளியே விட்டா துடிப்பு இறங்கும். இதைப் பழகணும். இந்த மாதிரி மனப் பயிற்சிக்காகவே குகேஷ் அண்ணா பாடி அப்டன் என்பவர்கிட்ட போனார். 2011-ல் உலகக் கோப்பை ஜெயிச்ச நம்ம கிரிக்கெட் அணியிலும் அவர் வேலை பார்த்தவர்.

அந்த 2011 இறுதிப் போட்டியில் சிக்ஸர் அடிச்சு முடிச்ச தோனி, ஸ்டம்பைப் பிடுங்கிக்கிட்டு அமைதியா நின்னார், யுவராஜ் சிங்தான் ஓடிவந்து கட்டிப் பிடிச்சார். நாம அவரை ‘கேப்டன் கூல்’ என்று கொண்டாடுறோம். ஆனா 2019 ஏப்ரல் 11-ல் ஜெய்ப்பூரில் நடுவர் நோ-பால் கொடுத்துட்டு மாத்தினதும், அவுட் ஆகி வெளியே இருந்த அதே தோனி மைதானத்துக்குள்ளேயே வந்து வாக்குவாதம் செய்தார். ஆட்டச் சம்பளத்தில் பாதி அபராதம். தோனி ரசிகர்கள் என் மேல கோபப்படாதீங்க, நடந்ததைத்தான் எழுதுறேன்.

என் கருத்து இது. கொண்டாட்டம் சத்தமா இருக்கா, அமைதியா இருக்கா என்று பார்க்க வேண்டாம். அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கு, நம்ம அணி பக்கமா, தோத்தவங்க முகத்துக்கு நேராவா என்று பார்க்கணும். தொடை தட்டுறது ஆட்டத்துக்குள்ளே சமமா நிக்கிறவங்களைக் கூப்பிடுறது, அதனால தப்பில்லை. ராஜாவை வீசினது ஆட்டம் முடிஞ்சு, தோத்தவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது. அப்படிப் பார்த்தா ரீஸ் காட்டினதும் கொஞ்சம் தப்புதானேன்னு என் தோழி கேட்கிறாள். கொஞ்சம் தப்புதான். அப்போ கிளார்க் காட்டினதும் அதே அளவு தப்பு. திட்டுறதா இருந்தா இரண்டு பேரையும் ஒரே குரல்ல திட்டணும்.

இதுக்கு மறுப்பு எழுதணும்னு நினைக்கிறவங்க தாளில் எழுதி இந்தப் பலகைக்குக் கீழே இருக்கிற பெட்டியில் போடுங்க, அடுத்த இதழில் ஒட்டுவோம். குகேஷ் அண்ணா மாதிரி ஆடி முடிச்சதும் காய்களை அடுக்கி வைங்கன்னு சொல்லலாம்னு பார்த்தேன். ஆனா நம்ம பள்ளியில் இருக்கிற இரண்டு செஸ் போர்டில் ஒண்ணுல கறுப்பு ராஜாவையே காணோம், தண்ணி பாட்டில் மூடியை வெச்சுத்தான் ஆடுறோம். யாராவது பார்த்தா ஒன்பதாம் வகுப்புல கொண்டுவந்து கொடுங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி