டைகர் டாங்கியும் ரயில் பாதையும்

சென்ற ஆண்டு மகள் வீட்டிற்கு இங்கிலாந்து போயிருந்தபோது, டார்செட் பகுதியில் உள்ள பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் நடந்த காட்சிக்குப் பேரனுடன் சென்றேன். இரண்டாம் உலகப் போர்க்கால உடையணிந்தவர்கள் சுற்றி நிற்க, டைகர் 131 என்ற ஜெர்மன் டாங்கி மெதுவாக வந்தது. 1943 ஏப்ரலில் துனிஷியாவில் பிரிட்டிஷ் படையிடம் சிக்கிய வண்டி. 1990-இல் சீரமைக்க எடுத்து, 2003-இல்தான் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். எஞ்சின்கூட அதனுடையதல்ல, டைகர் 2 ரகத்தினுடையது. டைகர் 1 ரகத்தில் இன்று ஓடக்கூடியது உலகிலேயே இது ஒன்றுதான்.

"57 டன் வண்டி எப்படித் தாத்தா மண்ணில் புதையவில்லை?" என்றான் பேரன். ரயில்வேக்காரனிடம் கேட்க வேண்டிய கேள்வி! ஒரு ரயில் சக்கரம் சுமார் 10 டன் எடையைத் தண்டவாளத்தில் ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் இறக்குகிறது. தண்டவாளம் அதை ஸ்லீப்பருக்கும், ஸ்லீப்பர் ஜல்லிக்கும் பரப்பிக் கொடுப்பதால்தான் மண் தாங்குகிறது. டாங்கியோ தன் பாதையைத் தானே சுமந்து, முன்னால் விரித்துப் பின்னால் சுருட்டிக்கொள்கிறது. டைகரின் சங்கிலிப்பட்டை 725 மில்லிமீட்டர் அகலம். தரையில் படியும் நீளம் சுமார் 3.6 மீட்டர். இரண்டு பட்டைக்கும் சேர்த்து 5.2 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள், சதுர சென்டிமீட்டருக்கு 1.1 கிலோதான் வருகிறது.

வினை அந்த அகலத்தில்தான் இருந்தது. பட்டையோடு வண்டியின் அகலம் சுமார் 3.7 மீட்டர். இவ்வளவு கனமான டாங்கியைத் தொலைதூரம் சாலையில் ஓட்டினால் கியரும் எஞ்சினும் தேய்ந்துபோகும். ரயிலில்தான் அனுப்ப வேண்டும். ஐரோப்பிய ரயில் பாதையிலோ 3.15 மீட்டருக்கு மேல் போனால் எதிர் வண்டியில் உரசும். நம் ரயில்வேயில் இப்படிப்பட்ட சரக்கை ஓ.டி.சி. என்போம். எதிர்ப் பாதையில் வண்டிகளை நிறுத்தி, தவழவிட்டு அனுப்பியிருக்கிறோம். போர்க்காலத்தில் தினமும் அது நடக்கிற காரியமா?

எனவே ஒவ்வொரு டைகருக்கும் 520 மில்லிமீட்டரில் இன்னொரு ஜோடி பட்டை கொடுத்தார்கள். வேகனில் ஏற்றுமுன் அகலப் பட்டையைக் கழற்றி, வெளி வரிசைச் சக்கரங்களையும் எடுத்துவிட்டு, குறுகியதை மாட்ட வேண்டும். இறங்கியதும் மறுபடி மாற்ற வேண்டும். குறுகிய பட்டையில் அழுத்தம் 1.5 கிலோவாக ஏறிவிடும். அதோடு சேற்றில் இறங்க முடியாது. டன் கணக்கான இரும்பை ஐந்து பேர் குழு இழுத்து மாட்டியதை நினைத்தாலே எனக்கு முதுகு வலித்தது.

பேரன் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "அதுவரை ஸ்டேஷன் மாஸ்டர் சும்மா இருப்பாரா?"