பழகிய நிலம், பழைய நம்பிக்கைகள்

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் செப்டம்பர் பிறந்துவிட்டால் பண்ணை வீடுகளில் பேச்சு மாறிவிடும். சோயா பழுத்துவிட்டதா, சோளம் எப்போது அறுவடை, மான் எந்த வயலில் இறங்குகிறது என்பதே பேச்சாக இருக்கும். விஸ்கான்சினில் துப்பாக்கி வேட்டைப் பருவம் வெறும் 9 நாள். நவம்பரில், நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதற்கு உரிமம் வாங்குகிறார்கள். தாத்தா காலத்திலிருந்து ஒரே பண்ணைக்குப் போகிறவர்கள் அவர்களில் ஏராளம்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அந்தச் சட்டம் இங்கே தேவை. அங்கே கதை வேறு. 1900 வாக்கில் வரைமுறையற்ற வேட்டையால் சில லட்சமாகச் சுருங்கிப்போன வெள்ளைவால் மான், இன்று சுமார் 3 கோடி என்று மதிப்பிடப்படுகிறது. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா மீதான வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே திருப்பிவிட்டது. ஓநாயும் மலைச்சிங்கமும் பெரும்பாலான பண்ணைப் பகுதிகளில் இல்லாமல் போனதால், மானின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கும் வேலை மனிதர் கையில் இருக்கிறது. அந்த வேலையை அரைகுறைத் தயாரிப்போடு செய்தால் மான் காயத்தோடு ஓடிச் சாகும். மனிதரும் மரத்துப் பரணிலிருந்து விழுந்து சாவார். பழகிய நிலம் என்ற தைரியத்தில் வளர்ந்த சில நம்பிக்கைகளை அதனால்தான் இங்கே எடுத்துப் பார்க்கிறோம்.

நம்பிக்கை: “இது எங்கள் பண்ணை. மான் எங்கே வரும் என்று எனக்குத் தெரியாதா?”

உண்மை: போன வருடம் எங்கே வந்தது என்பதுதான் தெரியும். இந்தப் பகுதியில் பெரும்பாலான வயல்களில் ஒரு வருடம் மக்காச்சோளம், மறுவருடம் சோயா என்று மாற்றி மாற்றி விதைக்கிறார்கள். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த சோளம் மானுக்குத் தீனியும் ஆகும், மறைவும் ஆகும். பகல் முழுக்க உள்ளேயே படுத்துக் கிடக்கலாம். அதே வயலில் சோயா இருந்தால், படுக்க மரச்செறிவுக்குள் போயாக வேண்டும். வரும் வழியும் போகும் வழியும் மாறிவிடும். மழையால் அறுவடை தள்ளிப்போனால் வேட்டை தொடங்கும் நாளிலும் மான்கள் சோளத்துக்குள்ளேயே இருக்கும். ஆகவே முதல் விசாரணை விவசாயியிடம்தான். இந்த முறை எங்கே என்ன விதைத்தார், எந்த வயலை முதலில் அறுக்கப் போகிறார் என்று கேட்டால் பாதித் தெளிவு கிடைத்துவிடும்.

ஓக் மரங்களும் இப்படித்தான். வெள்ளை ஓக்கின் கொட்டையில் துவர்ப்பு குறைவு, மானுக்குப் பிடித்தம். பூத்த வருடமே முதிர்ந்து இலையுதிர் காலத்தில் கொட்டிவிடும். சிவப்பு ஓக்கின் கொட்டை முதிர இரண்டு பருவம் ஆகும். எந்த மரமும் வருடாவருடம் ஒரே அளவு காய்ப்பதில்லை. ஆகஸ்டில் பைனாகுலரோடு போய்க் கிளைகளை அண்ணாந்து பார்த்தால் எந்த மரத்தடிக்கு மான் வரும் என்று ஊகித்துவிடலாம்.

நம்பிக்கை: “ஆகஸ்ட் மாலையில் சோயா வயலில் நின்ற பெரிய கொம்பன் நவம்பரிலும் அங்கேயே வருவான்.”

உண்மை: கோடையில் ஆண் மான்கள் சிறு கூட்டமாகச் சேர்ந்து திரியும். கொம்பின்மேல் மிருதுவான தோல் மூடியிருக்கும். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் அந்தத் தோல் உரியும். உடலில் ஆண் ஹார்மோன் ஏறும். நேற்றுவரை ஒன்றாக மேய்ந்தவை முட்டிக்கொண்டு பிரியும். சோயா இலை மஞ்சளானதும் அந்த வயலின் ருசியும் போய்விடும். கோடையில் பார்த்த மான் பண்ணையின் மறு கோடிக்கோ, பக்கத்துப் பண்ணைக்கோ இடம் மாறுவது சகஜம். ஆகஸ்டில் பார்த்ததால் அப்படி ஒரு மான் இருக்கிறது என்பது உறுதியாகும். நவம்பரில் அது எங்கே இருக்கும் என்று அக்டோபர் கடைசியில் மறுபடி தேடித்தான் சொல்ல வேண்டும்.

நம்பிக்கை: “பருவம் நெருங்க நெருங்க அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும்.”

உண்மை: நிலத்தைத் தடம் பார்க்க மிகச் சிறந்த காலம் பருவம் முடிந்த பிறகு, பனி உருகும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள். இலை இல்லை, புதர் படிந்து கிடக்கும், வேட்டை நாட்களில் மான்கள் பயன்படுத்திய பாதைகள் அப்படியே தெரியும். நாம் மிதித்துக் கலைத்தாலும், அடுத்த பருவம் வருவதற்குள் மான் அதை மறந்துவிடும்.

அந்தச் சமயத்தில் முள்வேலி ஓரமாக நடந்து பாருங்கள். மான் வேலியைத் தாண்டவும் செய்யும், அடியில் நுழையவும் செய்யும். வழக்கமாக நுழையும் இடத்தில் அடிக்கம்பி மேல்நோக்கி வளைந்திருக்கும். முள்ளில் பழுப்பு ரோமம் கற்றையாகச் சிக்கியிருக்கும். கம்பிக்குக் கீழே மண் பள்ளமாகத் தேய்ந்து, குளம்புத் தடம் ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்தியிருக்கும். பக்கத்தில் புழுக்கை. பாதைக்கு மேலே தாழ்ந்து தொங்கும் கிளையின் நுனி கடிபட்டு ஒடிந்திருந்தால், அதன் கீழே தரையில் குளம்பால் பிறாண்டி சிறுநீர் விட்ட திட்டு இருக்கும். அது ஆண் மான்கள் ஒன்றுக்கொன்று சேதி விட்டுப் போகும் இடம். ஒரே திட்டைப் பல மான்கள் பயன்படுத்தும், அதுவும் பெரும்பாலும் இரவில். அதன் எதிரே பகலெல்லாம் உட்கார்ந்திருப்பதைவிட, அந்தத் திட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே உள்ள வழியைக் கண்டுபிடிப்பதே பலன் தரும்.

பருவத்துக்கு இரண்டு வாரம் முன்பு மானின் படுக்கைப் புதருக்குள் ஆள் போய்வந்தால் மான் ஊரைவிட்டு ஓடிவிடாது. பகலில் வெளியே வருவதை நிறுத்திக்கொள்ளும், அவ்வளவுதான். அந்த நாட்களில் தூரத்துச் சாலையிலிருந்து பைனாகுலரில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: “பௌர்ணமிதான் மான்களின் இணைசேரும் காலத்தைத் தீர்மானிக்கிறது.”

உண்மை: தீர்மானிப்பது பகலின் நீளம். பகல் குறுகக் குறுக உடலில் நடக்கும் மாற்றங்களால், வட மாநிலங்களில் பெரும்பாலான பெண் மான்கள் நவம்பர் நடுவாக்கில் சினைப்படுகின்றன. சினைக்காலம் சுமார் 200 நாள். குட்டிகள் மே கடைசியிலும் ஜூனிலும் பிறக்கின்றன. புல் செழித்திருக்கும் அந்தக் காலம் தவறினால் குட்டி பிழைப்பது கஷ்டம். சாலையில் அடிபட்டு இறந்த பெண் மான்களின் கருவை அளந்து சினைப்பட்ட தேதியைக் கணக்கிட்டிருக்கிறார்கள். நிலவு எப்படி இருந்தாலும் தேதி ஏறக்குறைய அதே வாரங்களில்தான் விழுகிறது. நாட்காட்டியில் நிலவைத் தேடி விடுப்பு எடுக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: “ஆரஞ்சுச் சட்டை காட்டிக்கொடுக்கும், வாசனை நீக்கி அடித்தால் காற்றைப் பற்றிக் கவலையில்லை.”

உண்மை: இரண்டுமே தலைகீழ். சிவப்பு, ஆரஞ்சு நிறங்களை நாம் பார்ப்பதுபோல் பார்க்க மானின் கண்ணில் செல்கள் இல்லை. பளிச்சிடும் ஆரஞ்சு அதற்கு மங்கலாகத்தான் தெரியும். நீலமும் புற ஊதா ஒளியும்தான் அதன் கண்ணில் தூக்கலாகத் தெரிபவை. துணியைப் பளபளப்பாக்கும் சலவைத்தூளில் துவைத்த பச்சைச் சட்டை, ஆரஞ்சைவிட அதிகமாகக் காட்டிக்கொடுக்கும். மற்றொரு வேட்டைக்காரர் உங்களை மான் என்று நினைத்துவிடாமல் காப்பாற்றுவது ஆரஞ்சு. விஸ்கான்சினில் துப்பாக்கிப் பருவத்தில் இடுப்புக்கு மேல் உள்ள வெளி உடுப்பில் பாதியாவது பளிச்சிடும் ஆரஞ்சாகவோ, 2016 முதல் அனுமதிக்கப்பட்ட பளிச்சிடும் இளஞ்சிவப்பாகவோ இருக்க வேண்டும்.

மூக்கு விஷயத்தில் எந்த ஸ்ப்ரேயும் மானை முழுதாக ஏமாற்றாது. காற்றடிக்கும் திசைதான் பாதுகாப்பு. அமைதியான மாலையில் காற்று குளிர்ந்து, ஓடைபோல் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். காலையில் வெயில் ஏறியதும் மேலே எழும். மாலையில் மேட்டில் உட்கார்ந்தவரின் வாசனை கீழே பள்ளத்தில் மேயும் மானுக்குப் போய்ச் சேர்வது இதனால்தான். ஒரே இடத்தை எல்லாக் காற்றுக்கும் பயன்படுத்த முடியாது. பழகிய பண்ணையில் வடமேற்குக் காற்றுக்கு ஓரிடம், தெற்குக் காற்றுக்கு ஓரிடம் என்று குறித்து வைப்பதே தயாரிப்பு.

நம்பிக்கை: “மூலையில் கொஞ்சம் சோளம் கொட்டி வைத்தால் மானுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.”

உண்மை: முதலில் சட்டம். அயோவா, இல்லினாய் மாநிலங்களில் தீனி போட்டு மான் வேட்டையாடத் தடை. விஸ்கான்சினில் நோய் கண்ட மாவட்டங்களில் தடை. அந்த நோய் மானின் மூளையைச் சல்லடையாக்கிக் கொல்லும் தேய்வு நோய். 1967இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது. 2002இல் விஸ்கான்சினில், மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. பிரியான் என்னும் உருக்குலைந்த புரதம் எச்சில், சிறுநீர், சாணம் வழியாகப் பரவி, மண்ணில் வருடக்கணக்கில் வீரியத்தோடு கிடக்கும். ஒரே குவியலில் பல வாய்கள் நுழைந்தால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான நிகழ்வு இல்லை. ஆனாலும் நோய் பரவிய பகுதியில் சாப்பிடுவதற்கு முன் மானைச் சோதித்துக்கொள்வது நல்லது என்பதும், நோய் உறுதியானால் சாப்பிடக் கூடாது என்பதும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை.

மானுக்காகப் பயிர் வளர்ப்பது வேறு விஷயம். அதிலும் விதையைத் தூவிவிட்டு வந்தால் போதாது. மண்ணைச் சோதிக்க வேண்டும். காடு திருத்திய மண்ணில் பெரும்பாலும் அமிலத்தன்மை இருக்கும். குளோவர் என்னும் தீவனப் பயிருக்கு அது ஆகாது. சுண்ணாம்பு போட்டாலும் மண் மாறச் சில மாதங்கள் பிடிக்கும். ஆகவே அந்த வேலையை முந்தின வருடமே தொடங்க வேண்டும்.

நம்பிக்கை: “பெண் மானைச் சுட்டால் அடுத்த வருடம் மானே இருக்காது.”

உண்மை: இந்த நம்பிக்கையோடு மோதியவர் ஆல்டோ லியோபால்ட். 1935இல் விஸ்கான்சினின் சாக் மாவட்டத்தில் மண் கெட்டுப்போன பழைய பண்ணை ஒன்றை வாங்கி, வருடக்கணக்கில் மரம் நட்டு மீட்டவர். காட்டுயிர் மேலாண்மையைப் பல்கலைக்கழகப் பாடமாக்கியவர். 1943இல் அவர் மாநிலப் பாதுகாப்பு ஆணையத்தில் சேர்ந்தார். வடக்குக் காடுகளில் மான் பெருகி, குளிர்காலத்தில் எட்டும் கிளைகளையெல்லாம் தின்று தீர்த்துப் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தது. அந்த வருடம் கொம்பில்லாத மான்களையும் சுட அனுமதி தந்தார்கள். பொதுமக்கள் கொதித்தார்கள். ‘43இன் குற்றம்’ என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். லியோபால்ட் வசைகளைத் தாங்கிக்கொண்டு தன் நிலையில் நின்றார்.

அவர் சொன்னது சரி என்பதைக் காடே காட்டுகிறது. மான் மிகுந்த மரச்செறிவில் தரையிலிருந்து மானின் வாய் எட்டும் உயரம்வரை பச்சை இருக்காது. கத்தரித்ததுபோல் ஒரு கோடு தெரியும். அதன் கீழே ஓக் கன்று ஒன்றுகூட இருக்காது. உங்கள் பண்ணையில் அந்தக் கோடு தெரிந்தால், மாநிலம் தரும் பெண் மான் அனுமதியைப் பயன்படுத்துவது நிலத்துக்குச் செய்யும் நன்மை. தெரியாவிட்டால் நிதானமாக இருக்கலாம். முடிவை நிலத்தைப் பார்த்து எடுக்க வேண்டும்.

நம்பிக்கை: “பரண் போன வருடம் கட்டியதுதானே, கெட்டியாக இருக்கும்.”

உண்மை: இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். வேட்டைப் பருவத்தில் பலத்த காயங்களுக்குப் பெரிய காரணங்களில் ஒன்று மரத்துப் பரணிலிருந்து விழுவது. மரத்தைச் சுற்றிக் கட்டிய நைலான் வார் ஒரு வருட வெயிலில் நொய்ந்துபோகும். அணில் அதைக் கொறிக்கும்; ஓரம் பஞ்சுபோல் பிரிந்திருக்கும். மரம் பருத்து வாரை இறுக்கித் தெறிக்க வைக்கும். மரத்துக்குப் பின்புறம் உள்ள பகுதி கண்ணில் படாததால், முன்பக்கம் புதிதுபோல் தெரியும் வார் பின்பக்கம் பாதி அறுந்திருக்கலாம். பருவம் முடிந்ததும் பரணை இறக்கி வைப்பதும், வருடாவருடம் வாரை மாற்றுவதும்தான் பாதுகாப்பு. உடல் முழுவதும் தாங்கும் ஹார்னஸை மாட்டி, தரையிலிருந்து கால் எடுக்கும் கணம் முதல் மறுபடி தரை தொடும்வரை உயிர்க்கயிற்றோடு இணைந்திருக்க வேண்டும். துப்பாக்கியைத் தோட்டா நீக்கிய பிறகே கயிற்றில் கட்டி மேலே இழுக்க வேண்டும். எங்கே உட்காருகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

நம்பிக்கை: “குளிர் வந்துவிட்டது, இனி உண்ணி இல்லை.”

உண்மை: லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியில் முழு வளர்ச்சி பெற்றவை இலையுதிர் காலத்தில்தான் மும்முரமாக அலையும். உறைநிலைக்கு மேல் வெப்பம் உள்ள எந்த நாளிலும் ஒட்டிக்கொள்ளும். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள்.

நிலத்தின் சொந்தக்காரர் நண்பர்தான் என்றாலும் அனுமதியை ஒவ்வொரு வருடமும் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். பக்கத்துப் பண்ணை கைமாறியிருக்கலாம். எல்லையில் புது வீடு வந்திருக்கலாம். மிசௌரி, டெக்சஸ் போன்ற மாநிலங்களில் மரத்தில் பூசிய ஊதா வண்ணமே அத்துமீறாதே என்ற சட்டபூர்வமான அறிவிப்பு. தோட்டா எந்தப் பக்கம் போனாலும் அதற்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்பதையும் அந்த வருட நிலவரத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவையும் பார்த்து முடிக்க ஒரு வார இறுதி போதாது. மார்ச்சில் தடம், ஆகஸ்டில் ஓக் மரம், செப்டம்பரில் விவசாயியிடம் விசாரணை, அக்டோபரில் வாரும் ஹார்னஸும் என்று வருடம் முழுக்கப் பிரித்துக்கொண்டால் எல்லாம் நடக்கும். அப்படித் தயாரானவர் சுடத் தகுந்த தூரத்தில், தெளிவான கோணத்தில் மானைச் சந்திப்பார். சந்தேகம் வந்தால் சுடாமலும் விடுவார். ஓர் உயிரை எடுக்க உரிமம் வாங்கியவர் அந்த உயிருக்குச் செய்ய வேண்டிய கடமை இது. பழகிய நிலம் என்பதற்காக இதில் எதையும் குறைத்துக்கொள்ளக் கூடாது.