ராத்திரி பத்துக்கு மேல் மைக்செட்டா? அக்கா சொல்லும் 10 டிப்ஸ்

தங்கச்சி, நம்ம ஊரில் மைக்செட் ஓய்ந்திருக்கும் மாதம் என்று ஒன்று உண்டா? ஆடியில் கூழ் வார்ப்பு, ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி, மார்கழியில் விடியற்காலை பஜனை, தை பிறந்தால் கல்யாணம். நடுவில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம். எல்லாம் நம்ம சந்தோஷம்தான். ஆனால் அதே தெருவில் பச்சைக் குழந்தை தூங்க வேண்டும். பிளஸ் டூ பிள்ளை படிக்க வேண்டும். பைபாஸ் முடிந்து வீடு திரும்பிய பெரியவர் கொஞ்சம் கண்ணயர வேண்டும். காலை ஷிஃப்டுக்குப் பஸ் பிடிக்கிறவர் நேரத்தோடு படுக்க வேண்டும்.

"சொன்னால் சண்டை வரும்", "போலீஸில் சொன்னாலும் யார் கேட்கப் போகிறார்கள்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. அது என்ன சொல்கிறது, யாரிடம் போவது, எப்படி எழுதுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பொறுமையாகப் படி.

1. முதலில் மணியைப் பார்

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000. இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள். நாடு முழுக்கச் செல்லுபடியாகும் மத்திய அரசு விதிகள் இவை. இவற்றின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை இரவு நேரம். அந்த நேரத்தில் ஒலிபெருக்கி, ஆம்ப்ளிஃபயர், இசைக்கருவி எதையும் திறந்த வெளியில் பயன்படுத்தக் கூடாது. மூடிய அரங்கம், சமுதாயக் கூடம், விருந்து மண்டபம் போன்ற இடங்களில், உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்பதற்காக மட்டும் விலக்கு உண்டு. பொது ஆபத்துக் காலத்துக்கும் விலக்கு உண்டு.

ரொம்ப முக்கியமான விஷயம் 7ஆம் விதியில் இருக்கிறது. பகல் சத்தத்துக்குப் புகார் கொடுக்க, அனுமதித்த அளவை விட 10 டெசிபலாவது கூடியிருக்க வேண்டும். இரவுக் கட்டுப்பாட்டை மீறினால் அந்த அளவுக் கணக்கு தேவையில்லை. மணி பத்தைத் தாண்டியும் தெருவில் ஸ்பீக்கர் ஓடுகிறது என்பதே புகாருக்குப் போதும். "எத்தனை டெசிபல்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று யாராவது மடக்கினால், "மணி பத்தரை ஆச்சு, அது தெரியும்" என்று சொல்.

2. "சாமி காரியம்" என்றால் தயங்காமல் உத்தரவைக் கேள்

திருவிழா, பண்டிகைக்காக இரவு 10 முதல் 12 வரை ஒலிபெருக்கிக்கு மாநில அரசு தளர்வு தரலாம். அதுவும் வருஷத்துக்கு மொத்தம் 15 நாட்களுக்கு மேல் கிடையாது. எந்தெந்த நாட்கள் என்று அரசு முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊர்க் கமிட்டியோ மண்டகப்படிக்காரரோ தாங்களாகவே எடுத்துக்கொள்ளும் சலுகை இல்லை இது. நள்ளிரவு 12 மணிக்கு மேல் அந்தத் தளர்வும் செல்லாது.

மார்கழியில் காலை ஐந்து மணிக்கு ஓடும் ஸ்பீக்கருக்கும் இதே விதிதான், ஏனென்றால் ஆறு மணி வரை இரவு. பாசுரம் பாடுவதை யாரும் தடுக்கவில்லை, பெருக்கி ஒலிபரப்புவதைத்தான் விதி தடுக்கிறது. கோயில், மசூதி, தேவாலயம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல். சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் சங்கம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டே இதைத் தெளிவாக்கிவிட்டது. அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் வழிபடச் சொல்லும் மதம் எதுவும் இல்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். மத விரோதம் என்று யாராவது திரித்துப் பேசினால் இந்தத் தீர்ப்பைச் சொல்.

3. பகலிலும் எழுத்து அனுமதி வேண்டும்

பகல்தானே என்று யார் வேண்டுமானாலும் குழாய் கட்டிவிட முடியாது. ஒலிபெருக்கிக்கு எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். நடைமுறையில் விழா நடத்துகிறவர்கள் காவல் நிலையத்தில் மனு கொடுத்து வாங்குவார்கள். அந்த அனுமதியில் என்ன நேரம், என்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்று நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள். வருஷா வருஷம் இதே தொல்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டு அனுமதியின் நகலையே கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

4. டெசிபல் கணக்கு

பகல் புகாருக்கு இந்த எண்கள் தேவைப்படும். குறித்துக்கொள்.

குடியிருப்புப் பகுதி: பகல் 55, இரவு 45 டெசிபல்.
வணிகப் பகுதி: பகல் 65, இரவு 55.
தொழிற்சாலைப் பகுதி: பகல் 75, இரவு 70.
அமைதிப் பகுதி: பகல் 50, இரவு 40.

மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். 2017இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அரசு அறிவித்திருந்தால்தான் அது அமைதிப் பகுதி. உன் வீடு ஆஸ்பத்திரிப் பக்கத்தில் இருந்தால், அறிவிப்பு இருக்கிறதா என்று கலெக்டர் அலுவலகத்தில் கேள்.

பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் சத்தம் அந்தப் பகுதியின் அளவை விட 10 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது, 75ஐயும் தாண்டக் கூடாது. தனியார் இடத்தில் வைத்தால் 5 டெசிபல்தான் கூடுதல். மொட்டை மாடி பார்ட்டிக்கும் வீட்டு ஹோம் தியேட்டருக்கும் இது பொருந்தும்.

10 டெசிபல்தானே என்று நினைக்காதே. 55 என்பது 65 ஆனால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும்.

5. போனில் அளக்கும்போது

ஒலி அளக்கும் ஆப் இலவசமாகவே கிடைக்கிறது. அளக்கும் முன் ஃபேனை நிறுத்து, டிவியை அணை. ஜன்னலைத் திறந்து, போனின் மைக் பக்கம் வெளியே பார்த்தபடி பிடி. பட்டாசு வெடித்த நொடியில் வரும் உச்ச எண்ணை எடுக்காதே. ஐந்து நிமிஷம் ஓடவிட்டு சராசரியைப் பார். தேதி, நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வை.

ஒரு நுணுக்கம் இருக்கிறது. சட்டத்தில் சொல்லும் டெசிபல், மனுசக் காது கேட்கும் விதத்தில் கணக்கிடுவது. அதில் அடித்தொண்டைச் சத்தமான பேஸ் குறைவாகவே பதிவாகும். டி.ஜே. பாக்ஸ் அதிர்வில் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும், பாத்திர அடுக்கு ஆடும், ஆனால் போனில் எண் அவ்வளவாக ஏறாது. அப்படி நடந்தால் கண்ணாடி அதிர்வதையே வீடியோ எடு, மனுவிலும் தனியாக எழுது. போன் அளவு உனக்கு ஒரு வழிகாட்டிதான். அதிகாரபூர்வமாக அளக்க வேண்டியது அதிகாரிகள். வந்து அளக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை உனக்கு இருக்கிறது.

6. சத்தம் என்றால் ஸ்பீக்கர் மட்டும் இல்லை

கட்டட வேலை: குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் எழுப்பும் கட்டுமானக் கருவிகளை இயக்கக் கூடாது. கான்கிரீட் கலவை மெஷின், பிரேக்கர், டைல்ஸ் வெட்டும் மெஷின் எல்லாம் இதில் அடங்கும். "போர் வண்டி ராத்திரிதான் கிடைச்சது" என்பது காரணமாகாது.

ஹாரன்: குடியிருப்புப் பகுதியில் இரவில் ஹாரன் அடிப்பதற்கும் தடை உண்டு. தேவையில்லாமல் ஹாரன் அடித்தாலும், சைலன்சரைத் தவிர்த்துப் புகை விட்டாலும் மோட்டார் வாகனச் சட்டம் 194எஃப் பிரிவில் முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்த தடவை 2,000 ரூபாய் அபராதம். வண்டி எண்ணோடு போக்குவரத்துக் காவலுக்குச் சொல்.

பட்டாசு: இரவு 10 மணிக்கு மேல் சத்தம் எழுப்பும் வெடிக்குத் தடை. தீபாவளிக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம் வகுத்துக் கொடுத்தது. தமிழ்நாட்டில் அதைக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு பிரித்துக் கொடுத்தது.

ஜெனரேட்டர்: 1,000 கே.வி.ஏ. வரையிலான டீசல் ஜெனரேட்டர் சத்தத்தைத் தடுக்கும் கூண்டோடு வர வேண்டும். கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபல்தான் உச்ச அளவு. கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்.

7. புகாருக்கு முன் ஒரு பேச்சு

வாய்ப்பு இருந்தால் முதலில் பேசிப் பார். விழா அன்று ராத்திரி போய் நிற்காதே, அந்த நேரத்தில் யாருக்கும் காது கேட்காது. இரண்டு நாள் முன்பே பகலில் போ. தனியாகப் போகாமல் தெருவில் மதிப்புள்ள பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. "அண்ணே, விசேஷம் நல்லா நடக்கட்டும். வீட்டில் கைக்குழந்தை இருக்கு, பாக்ஸை மட்டும் எங்க ஜன்னல் பக்கம் திருப்பாம வைங்க, பத்துக்கு நிறுத்திடுங்க" என்று கேள். மைக்செட்காரரிடமும் தனியாக ஒரு வார்த்தை சொல். சத்தத்தைக் கூட்டும் குமிழ் அவர் கையில்தான் இருக்கிறது. குடித்துவிட்டு ஆடும் கூட்டத்திடம் மட்டும் நீ நேரில் போகவே கூடாது. அதற்குப் போலீஸ் இருக்கிறது.

8. மனுவை இப்படி எழுது

சத்தம் நடக்கிற நேரத்தில் 112க்கு அழை. இடத்தையும் அடையாளத்தையும் சுருக்கமாகச் சொல். அழைத்த நேரத்தைக் குறித்து வை. திரும்பத் திரும்ப நடந்தால் எழுத்தில் போக வேண்டும். நான்கு வரி போதும்:

"எங்கள் தெருவில் (இடம்) இந்தத் தேதியில் இரவு 10.00 மணிக்கு மேல் (முடிந்த நேரம்) வரை ஒலிபெருக்கி பயன்படுத்தப்பட்டது. இது ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000இன் 5ஆம் விதிக்கு மாறானது. அன்று (நேரம்) மணிக்கு 112க்குத் தகவல் கொடுத்தேன். 7ஆம் விதிப்படி இதைப் புகாராக ஏற்று நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

திட்டி எழுதாதே, சாதி, மதம், கட்சி எதையும் இழுக்காதே. தேதியும் நேரமும்தான் மனுவுக்குப் பலம். இரண்டு பிரதி எடுத்துப் போய், நிலையத்தில் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதே.

9. யார் கதவைத் தட்டுவது?

காவல் நிலையத்தில் நகரவில்லை என்றால் மேலே போ. விதிகளின்படி நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கும் காவல் ஆணையருக்கும், இதற்கென நியமிக்கப்பட்ட டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிக்கும் இருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் சி.எஸ்.ஆர். நகலோடு மனு கொடு. முதல்வரின் முகவரி 1100 எண்ணிலும் பதியலாம்.

லேத் பட்டறை, மாவு மில், வெல்டிங் கடை என்று தினசரித் தொல்லையாக இருந்தால் வழி வேறு. அந்தத் தொழிலுக்கு உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா என்று மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் கேள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுது, அளவுக் கருவி அவர்களிடம் இருக்கிறது. அப்படியும் நிற்கவில்லை என்றால் கோட்டாட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152ஆம் பிரிவில் மனு போடலாம். பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லி அவர் உத்தரவிட முடியும். பழைய சட்டத்தில் இது 133ஆம் பிரிவு.

எங்கே போனாலும் தெருவில் நாலைந்து பேர் கையெழுத்தோடு போ. ஒரு வீட்டுப் புகாரை முன்விரோதம் என்று தள்ளிவிடுவார்கள், ஒரு தெருவின் புகாரை அப்படித் தள்ள முடியாது. அடையாளம் தெரிந்தால் பிரச்சினை வரும் என்று பயம் இருந்தால், குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் கொடு.

10. நம் வீட்டு விசேஷத்துக்கும் இதே சட்டம்தான்

தங்கச்சி, இதைத்தான் அழுத்திச் சொல்கிறேன். அடுத்தவர் வீட்டு மைக்செட்டுக்குச் சட்டம் பேசும் நாம், நம் வீட்டுக் காதுகுத்துக்குக் குழாய் கட்டினால் நம் பேச்சுக்கு மதிப்பிருக்காது. அட்வான்ஸ் கொடுக்கும்போதே "பத்து மணிக்கு ஆஃப்" என்று மைக்செட்காரரிடம் பேசி, ரசீதில் எழுதி வாங்கு. கூம்புக் குழாய் வேண்டாம், பாக்ஸ் போதும் என்று சொல். பாக்ஸைப் பந்தலுக்குள் பார்த்தபடி, தாழ்வாக வைக்கச் சொல். அனுமதிக் கடிதத்தைப் பந்தலில் பொறுப்பான ஒருவர் கையில் கொடுத்து வை. பக்கத்து வீடுகளுக்குப் பத்திரிகை வைக்கும்போதே நேரத்தையும் சொல்லிவிடு.

உன் தெருவில் ஒரு வீடு இதைச் சரியாகச் செய்தால், அடுத்த விசேஷக்காரரிடம் "அவங்க பத்துக்கு நிறுத்தினாங்களே" என்று எடுத்துச் சொல்ல ஒரு முன்மாதிரி கிடைக்கும். ஸ்டேஷன் வாசலை மிதிக்காமலேயே தெரு திருந்த இதைவிட நல்ல வழி இல்லை. அடுத்த விசேஷம் உன் வீட்டில் என்றால், அதை நீயே தொடங்கி வை.